நூற்றுப் பதினேழாம் எண் பாட்டில்

ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை, காலை 4 மணி 10 நிமிடம். பொங்கல் விடுமுறையின் கடைசி நாள். வெப்பம் பதினெட்டு டிகிரி என்று கைபேசி சொன்னது. காற்று இல்லை. சத்தி ரோட்டு விளக்குகளைச் சுற்றிப் பனி புகை மாதிரி நின்றிருந்தது. சரவணம்பட்டிக்கு அருகே சாலையோரம் போட்டிருந்த ஒரு மேசைக்கு முன்னால், மப்ளரை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நான் நின்றிருந்தேன். எனக்கு அப்போது எழுபத்து மூன்று வயது.

முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கான பன்னாட்டு விளையாட்டுப் போட்டி ஒன்று அந்த வாரம் கோவையில் நடந்தது. நீச்சல், இறகுப்பந்து, ஓட்டம் என்று பதினோரு வகை. கடைசி நாள் பெண்களுக்கான மாரத்தான். 42 கிலோமீட்டர் 195 மீட்டர். ஒன்பது நாடுகளிலிருந்து 64 பெண்கள். ஆர்.எஸ்.புரத்தில் காலை நடை போகும் எங்கள் குழுவிடம் தண்ணீர் மேசைகளுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். முப்பதாவது கிலோமீட்டர் மேசை எனக்கும் என் நடைத்தோழர் ஒருவருக்கும் வந்தது. அவர் கோட்டைமேட்டில் மெத்தைக் கடை வைத்திருப்பவர். என்னை விடப் பன்னிரண்டு வயது இளையவர். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை சார் என்பார்.

எங்கள் மேசையில் இரண்டு பகுதி. ஒரு பக்கம் எல்லோருக்கும் பொதுவான தண்ணீர்க் குவளைகள். இன்னொரு பக்கம், ஓடுகிறவர்கள் தங்களுக்கென்று தாங்களே கலந்து முந்தின நாளே கொடுத்தனுப்பிய பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் அவரவர் எண் ஒட்டியிருக்கும். ஓடிவருகிறவர் நிற்காமல் தன் பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு போவார். இந்தப் பாட்டில்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. கழுத்தில் அதற்கான அட்டை. முப்பத்து நான்கு வருடம் ஸ்பின்னிங் மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது என்று நினைத்துக்கொண்டேன். பத்தொன்பது பாட்டில்கள். நான்கு தடவை எண்ணி, எண் வரிசைப்படி ஒரு சாண் இடைவெளியில் வைத்தேன்.

"ஏனுங் சார், பாட்டிலு சரியா இருக்குதுங்களா, இல்ல என்னையும் சேத்து எண்ணிப்போட்டீங்களா?" என்றார் பாய்.

ஐந்து மணிக்கு நகரத்துக்குள் ஓட்டம் தொடங்கிவிட்டதாக ஃபோனில் செய்தி வந்தது. முதல் ஆள் எங்களிடம் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. எனக்குச் சும்மா இருக்க வராது. 5.50க்கு ஐந்தாம் தடவையாக டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு வந்தபோது, 117ஆம் எண் பாட்டிலின் அடியில் மேசை விரிப்பு ஈரமாக இருந்தது. நீல நிறப் பாட்டில், வாயில் உறிஞ்சும் மூடி, வெளிநாட்டுச் சாமான் மாதிரி. மூடியோரம் நுரை கட்டி வழிந்திருந்தது. மோந்து பார்த்தேன். புளித்த வாடை.

யாரோ ஒரு பெண் கடல் தாண்டி நம் ஊருக்கு ஓட வந்திருக்கிறாள், அவள் கலந்து கொடுத்தது ராத்திரி முழுக்க வெளியில் இருந்து கெட்டுப்போயிருக்கிறது, முப்பது கிலோமீட்டர் ஓடிவந்து இதைக் குடித்தால் என்ன ஆவாள்? கோயமுத்தூரில் கெட்டதைக் கொடுத்தார்கள் என்றல்லவா ஊர் ஊராகச் சொல்வாள்? நம் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவர்களுக்கு வைக்கும் மோரைக் கூட ஒரு சொட்டுக் கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்போம். நான் யாரையும் கேட்கவில்லை. பாட்டிலைத் திறந்து சாக்கடைப் பக்கம் ஊற்றினேன். மூன்று தடவை அலசினேன். தொண்டர்கள் குடிக்க நாற்பது இளநீர் இறக்கியிருந்தார்கள். அதில் ஒன்றை இளநீர்க்காரரைச் சீவச் சொல்லி, வடிகட்டி, 117க்குள் நிரப்பி, பழைய இடத்தில் வைத்தேன். இவ்வளவையும் பாய் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங் சார் பண்றீங்க?"

"கெட்டுப்போச்சு பாய். மாத்திட்டேன்."

"மாத்தலாமுங்களா?"

"கெட்டதைக் குடுக்கலாமா?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் குவளைகளை அடுக்கத் தொடங்கினார். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்கு மிகுந்த திருப்தி.

6.40க்கு எங்கள் பகுதியின் அதிகாரி மொபெட்டில் வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும், உடற்கல்விக் கல்லூரியில் படித்த பெண். கையில் ஒரு பட்டியல். பாட்டில்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர் 117க்கு முன்னால் நின்றார்.

"ஐயா, இதைய மட்டும் அந்தக்கா வர்றதுக்குக் கொஞ்சம் முன்னால ஒரு குலுக்குக் குலுக்கி வெச்சிருங்க. கம்பங்கூழுங்க. அடியில தங்கிரும்."

"கம்பங்கூழா?" என்றேன்.

"ஆமாங்க. கூழைக் கரைச்சு மோர் ஊத்தி வடிகட்டி எடுத்துட்டு வருவாங்க. நம்ம உடுமலைப்பேட்டைப் பக்கம்தானுங்க அவங்க. பால் சொசைட்டியில வேலை. ஓடறப்போ வேற எது குடிச்சாலும் அவங்களுக்கு வவுறு ஏத்துக்காது. போன வருசம் ஒரு போட்டியில யாரோ குடுத்த ஜூசைக் குடிச்சுப்போட்டு வழியிலயே வாந்தி எடுத்து உக்காந்துட்டாங்க. இன்னைக்கு மூணு மணி முப்பத்தஞ்சு நிமிசத்துக்குள்ள முடிச்சாங்கன்னா அடுத்த வருசம் வெளிநாட்டுல நடக்கற போட்டிக்கு இந்திய அணியில எடம். நாப்பத்தேழு வயசுங்க. நல்லா ஓடிட்டிருக்காங்களாம்."

சொல்லிவிட்டு அவர் தண்ணீர்க் குவளைகளைப் பார்க்கப் போய்விட்டார். நான் பாட்டிலைக் கையில் எடுத்தேன். உள்ளே இளநீர் தளும்பியது. பாய் என்னையே பார்த்தார். அவர் காட்டிக்கொடுக்கிற ஆள் இல்லை. சொல்வதா வேண்டாமா என்பது முழுக்க என் கையில் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு இளநீர் ஒத்துக்கொண்டாலும் கொள்ளும் என்று மனம் ஒரு பக்கம் கணக்குப் போட்டது. நல்ல பொருள்தானே, கெடுதல் இல்லையே என்றது. கழுத்து அட்டையைக் கழற்ற வேண்டி வருமோ என்று பயந்தது. நான்கு நிமிடம் அப்படியே நின்றேன். பிறகு அதிகாரிப் பெண்ணிடம் போய், நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். முகம் வெளுத்ததே தவிரக் கத்தவில்லை. என் கையிலிருந்த பாட்டிலை வாங்கி மேசையை விட்டு அக்கட்டால் தள்ளி வைத்தார். தலைமை நடுவருக்கு ஃபோன் போட்டார். இரண்டு நிமிடம் பேசினார். அடுத்து அந்தப் பெண்ணின் கணவரையும் கூப்பிட்டார்.

"தப்பு நம்ம பக்கம்கறதால ஒரு வழி இருக்குதுங்க ஐயா. அவங்க சொந்தக்காரங்க கையில அதே கூழு இருந்தா, அட்டை போட்ட ஆளு ஒருத்தர் நேர்ல வாங்கிட்டு வந்து வெக்கலாம்னு சொல்றாருங்க. அவங்க வீட்டுக்காரரு நாலஞ்சு கிலோமீட்டர் தள்ளி, கணபதியில பஸ் ஸ்டாப்புகிட்ட நிக்கறாரு, தூக்குப்போசியில மிச்சம் வெச்சிருக்காரு. நான் இங்கிருந்து நகர முடியாது. உங்க கழுத்துலதான் அட்டை இருக்குது. நீங்க போய்ட்டு வாங்க."

"நானா?" என்றேன்.

"சொன்னது நீங்கதானுங்களே," என்றார்.

பட்டியலின்படி அந்தப் பெண் 7.31க்கு எங்கள் மேசைக்கு வர வேண்டும். நாற்பத்தேழு வயது, இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் தளர்ந்துவிடுவார் என்று நானாக நான்கு நிமிடம் கூட்டி, 7.35 என்று முடிவு செய்துகொண்டேன். இளநீரைக் கொட்டிவிட்டு, காலிப் பாட்டிலோடு 6.52க்குக் கிளம்பினோம். பாய் வண்டியை ஓட்டினார். ஒரு தடவை விழுந்த பிறகு ஒன்பது வருடமாக நான் இருசக்கர வண்டியில் ஏறியதில்லை. பிரதான சாலையை மறித்திருந்ததால் உள்ரோடுகளில் வளைந்து வளைந்து போனோம்.

"சார், என்ற சட்டையைப் புடிங்க, சதையைப் புடிக்காதீங்க," என்றார் பாய்.

ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டபோது, "கோயமுத்தூர்ல பொறந்து எழுவத்தி மூணு வருசமாச்சு. கம்பங்கூழு வாசம் தெரியலைங்கறீங்களே," என்றார். சர்க்கரை வந்ததிலிருந்து என் வீட்டில் காலையில் ஓட்ஸ் கஞ்சி.

7.10க்கு கணபதி போய்ச் சேர்ந்தோம். அந்தப் பெண்ணின் கணவர் பஸ் ஸ்டாப் தூணோரம் எவர்சில்வர் தூக்குப்போசியோடு நின்றிருந்தார். கொப்பரைக் களத்தில் வேலை செய்பவர், வற்றிய உடம்பு. ஃபோனில் விஷயம் தெரிந்திருந்தது. என்னைத் திட்டவில்லை. காலிப் பாட்டிலைக் கேட்டுக் கையை நீட்டினார்.

இங்கேதான் என் இரண்டாவது தப்பு. பாட்டிலில் இளநீர் வாடை இருக்குமே என்று, பக்கத்து டீக்கடையில் வெந்நீர் கேட்டு வாங்கி இரண்டு தடவை அலசினேன். எண் ஒட்டிய தாள் நனைந்து உரிந்திருந்தது. கடைக்காரரிடம் பேனாவும் தாளும் வாங்கி 117 என்று புதிதாக எழுதி, நேராக இருக்கிறதா என்று பார்த்து ஒட்டினேன்.

"அய்யா, அவ நம்பரைப் பாக்கமாட்டாளுங்க. பாட்டலைத்தான் பாப்பா. சீக்கிரம் போங்க," என்றார் அவர், கூழை ஊற்றிக்கொண்டே. நான் புறப்பட்டபோது மணி 7.18. எட்டு நிமிடம் போயிருந்தது.

மேசைக்கு வந்து சேர்ந்தபோது 7.33. நான் போட்ட கணக்குப்படி இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினேன். அதிகாரிப் பெண் தலையை ஆட்டினார்.

"ஏழரைக்கே போய்ட்டாங்க ஐயா."

அந்த உடுமலைப் பெண் தளரவில்லை. பட்டியலில் இருந்ததற்கும் ஒரு நிமிடம் முன்னாலேயே வந்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டிருக்கிறார், ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துப் பாதியைக் குடித்துப் பாதியைத் தலையில் ஊற்றிக்கொண்டு போயிருக்கிறார். மேசையைத் தாண்டிய பிறகு ஓடிப்போய் எதையும் கொடுக்கக் கூடாது. முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் அவருடைய இன்னொரு பாட்டில் இருந்தது. அதுவரை ஐந்து கிலோமீட்டர், வெறும் தண்ணீரோடு.

வெயில் ஏறிவிட்டது. கடைசி ஆள் எங்கள் மேசையைக் கடந்தபோது 8.50. நான் குவளைகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தேன், எத்தனை என்று எண்ணவில்லை. அதிகாரிப் பெண்ணின் ஃபோனில் முடிவு வந்தது. 3 மணி 38 நிமிடம் 50 வினாடி. முப்பத்தாறாவது கிலோமீட்டரில் இரண்டு காலும் பிடித்துக்கொண்டு, கொஞ்ச தூரம் நடந்து, மறுபடி ஓடி முடித்திருக்கிறார். மூன்று நிமிடம் ஐம்பது வினாடி அதிகம். இந்திய அணியில் இடம் இல்லை.

"ஊட்டுக்குப் போலாமுங்களா சார்?" என்றார் பாய்.

"ஓட்டம் முடியற மைதானத்துக்குப் போலாம்," என்றேன்.

117ஆம் எண்காரர் மைதானத்து ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒல்லியான, கறுத்த பெண். காதோரம் நரை. பக்கத்தில் கணவர். நான் போய் நின்று, அந்தப் பாட்டிலைக் கொட்டியவன் நான்தான் என்றேன். அவர் தொட்டித் தண்ணீரைக் கையால் அள்ளி முழங்காலில் விட்டுக்கொண்டார்.

"மோந்து பாத்தீங்களா?"

"பாத்தேன் அம்மணி."

"கூழுன்னு தெரியலைங்களா?"

"தெரியலை."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க. அந்தப் புள்ளைகிட்டப் போன் இருந்துச்சு. என்ற ஊட்டுக்காரருகிட்டப் போன் இருந்துச்சு. எல்லார்கிட்டயும் போன் இருந்துச்சு." குரலை உயர்த்தவே இல்லை. "பதினெட்டு மாசமுங்க. காலையில மூணரைக்கு எந்திரிச்சு ஓடிப்போட்டு, அஞ்சரைக்கு சொசைட்டியில பால் ஊத்தறவிய வரிசை நிப்பாங்க, அதுக்குள்ள போயி நிப்பேன்."

நான் சட்டைப் பையில் கை வைத்தேன். ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. கணவர் என் கையைப் பார்த்துவிட்டார்.

"வேண்டாமுங்க அய்யா. இப்ப உங்க காசை வாங்கிப்போட்டா எங்க கோவம் தீந்துரும். அது கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்."

கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். பத்தடி போயிருப்பேன், அந்தப் பெண் கூப்பிட்டார்.

"ஏனுங்கய்யா. நீங்க சொல்லாம இருந்திருந்தா அந்த எளநியைக் குடிச்சுப்போட்டு அங்கயே உழுந்திருப்பேன். ஓடி முடிச்சிருக்கமாட்டேன். அதையும் சொல்லோணுமில்ல."

வீட்டுக்கு வந்து மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. பிறகு அதிகாரிப் பெண்ணைக் கூப்பிட்டு, அந்த அணியில் சேர வேறு வழியே இல்லையா என்று கேட்டேன். மார்ச் முதல் வாரம் சென்னையில் இன்னொரு தகுதி ஓட்டம் இருக்கிறது, அதுதான் கடைசி, ஆனால் அந்தக்கா போகிற மாதிரி தெரியவில்லை, செலவு இருக்கிறதல்லவா என்றார்.

பதினைந்தாம் நாள் உடுமலைப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து ஒரு டவுன் பஸ். சாயங்காலப் பால் நேரம். சொசைட்டி வாசலில் கேன்களோடு இருபத்திரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். அவர் உள்ளே ஒவ்வொருவர் பாலையும் அளந்து, சோதித்து, சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஒரு பெஞ்சைக் காட்டினார். கடைசிக் கேன் போகும் வரை காத்திருந்தேன். பிறகு ஒரு டம்ளரை என் கையில் கொடுத்தார். கம்பங்கூழ், மோர் ஊற்றியது.

"குடிங்க. இனி மேலைக்கு மறக்காது."

குடித்தேன். நல்ல புளிப்பு. தொண்டையில் இறங்கும்போது லேசாகக் கரகரத்தது. வரிசையில் நின்றிருந்த ஒரு அம்மாள் போகாமல் நின்று, "ஆருங் கண்ணு இது, பொள்ளாச்சிப் பக்கத்து மாமனா?" என்று கேட்டார். "இல்லீங்க்கா, என்ற பாட்டலைக் கொட்டுனவரு," என்றார் இவர். அந்த அம்மாள் என்னை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார். ஊர் முழுக்க விஷயம் தெரிந்திருக்கிறது.

சென்னை ஓட்டத்துக்கு ஆகும் செலவை நான் ஏற்கிறேன் என்று, வந்த காரியத்தைச் சொன்னேன். இது தானம் இல்லை, நான் உடைத்ததை நான் ஒட்டித் தர வேண்டும், அவ்வளவுதான் என்றேன். அவர் கணவருக்கு ஃபோன் செய்தார். நெடுநேரம் பேச்சு நடந்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். நுழைவுக் கட்டணம், ரயில், அறை, ஆட்டோ என் பொறுப்பு. சாப்பாடு அவர்களுடையது.

"நானும் வரலாமா அம்மணி?"

"வாங்க. ஆனா பாட்டலு பக்கம் வரக்கூடாதுங்க."

போனேன். ரயிலில் முதியோர் சலுகையை எடுத்துவிட்டார்கள் என்று வழியெல்லாம் புலம்பினேன். அந்தத் தம்பதி பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். சென்னையில் காலை ஆறு மணிக்கே வியர்த்தது. நான் முடிவுக்கோட்டுக்கு அருகில் ஒரு வேப்ப மரத்தடியில், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். எதையும் தொடவில்லை, யாருக்கும் யோசனை சொல்லவில்லை. ஓட்டம் தொடங்கி மூன்று மணி முப்பது நிமிடம் ஆனபோது கடிகாரத்தைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டேன். சாலை வளைவில் முதலில் தெரிந்தது அந்தக் காதோரம் நரைத்த தலைதான். வாயைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். 3 மணி 33 நிமிடம் 12 வினாடி. ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு வினாடி மிச்சம்.

அவர் கணவர் தரையில் உட்கார்ந்து அழுதார். அந்தப் பெண் அழவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் வந்து, "எத்தனைங்க?" என்று கேட்டார். சொன்னேன். "சரியாப் பாத்தீங்களா?" என்றார். இரண்டு தடவை பார்த்தேன் என்றேன். அதற்குப் பிறகுதான் சிரித்தார்.

இப்போது அவரிடம் பாஸ்போர்ட் இருக்கிறது. வெளிநாட்டுக்குக் கம்பு மாவு கொண்டுபோகலாமா என்று யாரிடம் கேட்பது என்று போன வாரம் ஃபோன் செய்திருந்தார். எனக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். தெரியாது என்று சொல்ல முன்பெல்லாம் எனக்கு வாய் வராது. நல்லது என்று நானாக நினைத்து இன்னொருவர் பொருளில் கை வைப்பதற்கு முன்னால், "இது என்னங்க, எடுக்கலாமுங்களா?" என்று கேட்டுவிடுகிறேன். அந்த ஒரு கேள்வியைக் கற்றுக்கொள்ள எனக்கு எழுபத்து மூன்று வருடமும், பஸ் செலவு சேர்க்காமல் ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது ரூபாயும் ஆயின.